மெலனோமாவில் காவல் கணுவைத் தேடுதல்: வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் சில நோயாளிகளின் வீட்டாரிடமிருந்து வந்தவை. மற்றவை ஸ்கேன் அறையிலும் அறுவை அரங்கிலும் வேலை செய்பவர்கள் கேட்டவை. பிரிக்காமல் கலந்தே தருகிறோம். மெலனோமா என்னும் தோல் புற்று பரவினால் முதலில் போய்ச் சேரும் நிணநீர்க் கணுவே காவல் கணு. அது எந்த அறையிலும் கைதவறிப் போகக்கூடியது. அதனால் அடுத்த அறையில் என்ன நடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.

கேள்வி: அப்பாவின் உள்ளங்காலில் இருந்த கறுப்பு மச்சத்தை எடுத்துச் சோதித்ததில் மெலனோமா, தடிமன் 1.6 மி.மீ. என்று வந்திருக்கிறது. தொடை இடுக்கில் நெறி எதுவும் கட்டவில்லை. பெட் ஸ்கேனும் சுத்தம். ஆனாலும் அங்கே ஒரு கணுவை எடுத்துப் பார்க்கவேண்டும் என்கிறார் டாக்டர். ஒன்றும் இல்லாத இடத்தில் ஏன் கத்தி வைக்க வேண்டும்?

பதில்: காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும் என்பது எல்லோரும் அறிந்தது. பாதத்தின் நிணநீர் மேலேறிப் போய் வடிகட்டப்படும் இடம் அது. புண்ணிலிருந்து கிருமி போகும் அதே பாதையில்தான் மெலனோமா செல்லும் போகும். கிருமி போனால் கணு ஓரிரு நாளில் வீங்கி வலிக்கும். மெலனோமா செல் போய் உட்கார்ந்தால் வலியே இருக்காது. வீக்கமும் மாதக்கணக்கில் தெரியாது. தொடக்கத்தில் அந்தப் படிவு பெரும்பாலும் ஒரு மி.மீட்டருக்கும் குறைவு. பெட் ஸ்கேனில் தெரிய அது சில மி.மீ. அளவாவது வளர்ந்திருக்க வேண்டும். ஆகவே "ஸ்கேன் சுத்தம்" என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை என்று மட்டுமே பொருள்.

தொடை இடுக்கில் பல கணுக்கள் இருக்கின்றன. ஆனால் அந்த மச்சம் இருந்த இடத்தின் நிணநீர் நேராக வந்து சேர்வது அவற்றில் ஒன்றிலோ இரண்டிலோதான். அதுவே காவல் கணு. அதில் புற்று இல்லையென்றால் அதற்குப் பின்னால் உள்ளவற்றில் இருப்பது அரிது. அமெரிக்க அறுவை மருத்துவர் டொனால்டு மார்ட்டனும் சகாக்களும் 1992-இல் நீலச் சாயத்தைக் கொண்டு இதைக் காட்டினார்கள். அதற்கு முன்பு இரண்டே வழிகள்தான் இருந்தன: இடுக்கிலுள்ள எல்லாக் கணுக்களையும் வழித்தெடுப்பது, அல்லது நெறி கட்டும்வரை காத்திருப்பது.

இதை ஒரு சோதனையாகப் பாருங்கள். மார்ட்டன் குழுவின் பெரிய ஆய்வு எம்எஸ்எல்டி-1. தடிமன் 1.2 முதல் 3.5 மி.மீ. வரை இருந்தவர்களில், காவல் கணு சுத்தமாக இருந்தவர்களில் சுமார் 85 சதவீதம் பேர் 10 ஆண்டுகளில் மெலனோமாவால் இறக்கவில்லை. கணுவில் புற்று இருந்தவர்களில் அது சுமார் 62 சதவீதம். இவ்வளவு தெளிவாகப் பிரித்துக் காட்டும் வேறு சோதனை குறைவு. அதே ஆய்வில், கணுவை எடுத்துப் பார்த்தவர்களையும் எடுக்காமல் கண்காணித்தவர்களையும் மொத்தமாக ஒப்பிட்டபோது மெலனோமாவால் வரும் மரணத்தில் வேறுபாடு தெரியவில்லை. இதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். கணுவை எடுத்ததால் மட்டும் நோய் தீர்ந்துவிடாது. அடுத்து என்ன சிகிச்சை, எவ்வளவு நெருக்கமான கண்காணிப்பு என்று முடிவெடுக்க அது வழிகாட்டும்.

டாக்டரிடம் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: ஸ்கேனில் முழங்காலின் பின்குழியையும் படமெடுப்பார்களா? பாதத்தின் நிணநீர் சிலருக்கு அங்குள்ள கணுவில் முதலில் தங்கிவிட்டுத்தான் இடுக்குக்குப் போகும். அப்படியிருந்தால் அதுவும் காவல் கணுதான்.

கேள்வி: என் ரிப்போர்ட்டில் தடிமன் 0.7 மி.மீ. என்று இருக்கிறது. எனக்கும் இந்தச் சோதனை தேவையா?

பதில்: எண்ணை மட்டும் பார்த்தால் போதாது, பக்கத்திலேயே "புண்ணாகியிருக்கிறதா" என்ற வரி இருக்கும், அதையும் பாருங்கள். 0.8 மி.மீட்டருக்குக் குறைவாகவும் புண்ணாகாமலும் இருந்தால் கணுவில் பரவியிருக்கும் வாய்ப்பு 5 சதவீதத்துக்கும் கீழே. பொதுவாகச் சோதனை வேண்டாம் என்பார்கள். 0.8 முதல் 1 மி.மீ. வரை இருந்தாலோ, அதற்கும் குறைவாக இருந்து புண்ணாகியிருந்தாலோ, வாய்ப்பு ஏறத்தாழ 5 முதல் 10 சதவீதம். நன்மை தீமைகளைப் பேசி முடிவெடுக்க வேண்டிய எல்லை அது. 1 மி.மீட்டருக்கு மேல் போனால் சோதனையைப் பரிந்துரைப்பதே வழக்கம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மச்சத்தை மேலோட்டமாகச் சீவி எடுத்திருந்தால், வெட்டின் அடிவிளிம்பிலும் புற்று செல்கள் தெரியலாம். அப்போது 0.7 என்பது குறைந்தபட்ச அளவுதான், உண்மையான தடிமன் அதைவிடக் கூடுதலாக இருக்கலாம். "அடிவிளிம்பு சுத்தமா?" என்ற அந்த ஒரு கேள்வி முடிவையே மாற்றிவிடும்.

கேள்வி: அணு மருத்துவப் பிரிவில் தொழில்நுட்பராக இருக்கிறேன். காவல் கணுவைக் காட்டும் டெக்னீசியம் (கதிர் வீசும் மருந்து) ஊசி போட்டு ஒரு மணி நேரம் ஆகியும் சிலருக்கு ஊசி போட்ட இடம் மட்டுமே திரையில் ஒளிர்கிறது; கணு தெரிவதில்லை. மருந்து கெட்டதா, கை தவறா?

பதில்: முதலில் ஊசியின் ஆழத்தைச் சந்தேகப்படுங்கள். தோலுக்குள் போக வேண்டியது தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பில் போய்விட்டால் நிணநீர்க் குழாய்கள் அதை மெல்லத்தான் இழுக்கும். சில வேளை இழுக்கவே இழுக்காது. 25 முதல் 27 கேஜ் ஊசி. சாய்வு முகம் மேலே பார்க்க, தோலோடு ஏறக்குறைய படுக்கவைத்து நுழையுங்கள். தழும்பைச் சுற்றி நான்கு இடங்கள், ஒவ்வொன்றிலும் 0.1 மி.லி. போதும். மருந்து போகும்போது கை எதிர்ப்பை உணர வேண்டும். கொசு கடித்த தடிப்பு போல வெளிறிய சிறு மேடு எழும்ப வேண்டும், அதன்மேல் மயிர்க்கால் குழிகள் தெரிய வேண்டும். மருந்து தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு போனால், மேடும் எழவில்லையென்றால், நீங்கள் ஆழத்தில் இருக்கிறீர்கள். ஊசியைச் சற்று வெளியே இழுத்து மறுபடி தொடங்குங்கள். தழும்பைவிட்டு ஒரு செ.மீட்டருக்கு மேல் தள்ளிப் போடாதீர்கள். சில இடங்களில் ஒரு செ.மீ. தள்ளிப்போனாலே நிணநீர் வேறு திசையில் ஓடும்.

மருந்து கெட்டதா என்பதைத் திரையே சொல்லிவிடும். தைராய்டும் இரைப்பையும் ஒளிர்ந்தால், டெக்னீசியம் துகளோடு ஒட்டாமல் தனியே இரத்தத்தில் கலந்து திரிகிறது என்று பொருள், தயாரிப்பில் கோளாறு. துகளின் அளவும் முக்கியம். பெரிய துகள் போட்ட இடத்திலேயே தங்கிவிடும். மிகச் சிறியது காவல் கணுவில் நிற்காமல் அடுத்த கணுவுக்குத் தாண்டிவிடும். சல்பர் கொலாய்டு என்ற துகள் மருந்தை வடிகட்டிப் பயன்படுத்துவதன் காரணம் இதுதான். டில்மனோசெப்ட் என்ற புதிய மருந்து அளவை மட்டும் நம்பியிருக்காது; கணுவிலுள்ள மேக்ரோஃபேஜ் செல்களின் ஏற்பியைப் பற்றிக்கொண்டு அங்கேயே நிற்கும்.

எல்லாம் சரியாக இருந்தும் கணு தெரியவில்லையா? ஊசி போட்ட இடத்தைச் சில நிமிடம் மெதுவாகத் தேய்த்துவிடுங்கள். கை கால்களில் போட்டிருந்தால் சற்று நடக்கச் சொல்லுங்கள், அசைக்கச் சொல்லுங்கள். 2 மணி நேரம் கழித்து மீண்டும் படமெடுங்கள். அப்போதும் இல்லையென்றால் மறு ஊசி போடலாம். தலை, கழுத்து என்றால் கணு ஊசியின் ஒளிர்வுக்குப் பின்னால் மறைந்திருக்கலாம். ஈயத்தகட்டால் ஊசி இடத்தை மறைத்துச் சாய்வாகப் படமெடுங்கள், ஸ்பெக்ட்-சிடி என்ற முப்பரிமாணப் படமும் எடுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் பெரிய தவறுகள் இங்கேதான் நடக்கின்றன. ஊசி போட்டதுமே கேமராவை ஓட்டுங்கள். முதல் சில நிமிடங்களில் ஊசி இடத்திலிருந்து ஒரு மெல்லிய கோடு கிளம்பி ஒரு கணுவில் போய் முடிவது தெரியும். அந்தக் கோடுதான் சான்று. ஒரு மணி நேரம் கழித்து முதல் படம் எடுத்தால் நான்கு புள்ளிகள் தெரியும். எது நேராக நீர் வாங்கியது, எது வழிந்ததை வாங்கியது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. புதிதாக ஒரு புள்ளி தெரிந்தால், ஊசியிலிருந்து தெறித்த துளி தோலில் கிடக்கிறதா என்று ஈரப்பஞ்சால் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். துடைத்ததும் மறைந்தால் அது கணு அல்ல.

கேள்வி: அறுவைச் சிகிச்சை மேற்படிப்பு மாணவன் நான். தோலில் போட்ட குறிக்கும் கணு கிடைக்கும் இடத்துக்கும் அக்குளில் பெரிய இடைவெளி வருகிறது. எத்தனை கணுவோடு நிறுத்துவது என்பதிலும் குழப்பம்.

பதில்: குறி தள்ளிப்போவது பெரும்பாலும் கையின் நிலையால். ஸ்கேன் அறையில் கையைத் தலைக்கு மேல் தூக்கிக் குறி போட்டிருப்பார்கள். அரங்கில் கை பக்கவாட்டில் 90 பாகையில் நீட்டியிருக்கும். அக்குள் தோல் கணுவோடு ஒட்டியதல்ல, கையோடு நகர்வது. நீங்கள் எந்த நிலையில் அறுப்பீர்கள் என்பதை முன்கூட்டியே ஸ்கேன் அறைக்குச் சொல்லி அதே நிலையில், இரண்டு கோணங்களிலிருந்து குறி போடச் சொல்லுங்கள். ஆழத்தையும் எழுதி வாங்குங்கள். தோலைக் கீறுமுன் காமா கருவியால் (கதிரைச் சத்தமாகவும் எண்ணாகவும் காட்டுவது) நீங்களே ஒருமுறை தேடிச் சத்தம் உச்சமாகும் புள்ளியை உறுதி செய்யுங்கள்.

புற்று இருந்த இடமும் கணுவும் அருகருகே இருந்தால் ஊசி இடத்தின் கதிர் கருவியை நிறைத்துவிடும். புற்று இடத்தை முதலில் அகற்றிவிட்டுக் கணுவைத் தேடுங்கள், அல்லது கருவியின் முனை ஊசி இடத்துக்கு எதிர்ப்புறம் பார்க்கும்படி பிடியுங்கள். கீறல் சிறியதாகவும், பின்னால் முழு அறுவை தேவைப்பட்டால் அதில் அடங்கும்படியும் அமையட்டும்.

எங்கே நிறுத்துவது என்பதற்கு 10 சதவீத விதி இருக்கிறது. மிகச் சூடான, அதாவது அதிகக் கதிர் வீசும் கணுவை வெளியே எடுத்து, நோயாளியை விட்டுத் தள்ளிப் பிடித்துக் கருவியால் 10 விநாடி எண்ணுங்கள். 4,000 வந்தது என்று வைத்துக்கொள்வோம். பிறகு கருவியைக் குழிக்குள் விட்டுச் சுற்றிலும் எண்ணுங்கள். எங்காவது 400-ஐத் தாண்டினால் அங்கே இன்னொரு கணு இருக்கிறது, தேடி எடுங்கள். 250 என்றால் நிறுத்தலாம். பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று கணுக்கள் வரும்.

எண்ணிக்கைக்கு அடங்காத இரண்டு உண்டு. நீலமாக இருப்பது சூடாக இல்லாவிட்டாலும் எடுக்க வேண்டும். விரலுக்குக் கெட்டியாகப் படுவது சூடும் இல்லை, நீலமும் இல்லை என்றாலும் எடுக்க வேண்டும். புற்று நிறைந்த கணுவுக்குள் நிணநீர் நுழைய இடமிருக்காது. மருந்தும் சாயமும் அதைச் சுற்றிக்கொண்டு அடுத்த கணுவுக்குப் போய்விடும். கருவி அமைதியாக இருக்கிறது என்று அதை உள்ளே விட்டு வந்தால், நோயுள்ள கணுவையே விட்டு வந்ததாக ஆகும். காயத்தை மூடுமுன் விரலால் ஒருமுறை துழாவிப் பார்ப்பதைத் தவிர்க்காதீர்கள்.

கணுவுக்குள் வரும், கணுவிலிருந்து போகும் நிணநீர்க் குழாய்களைக் கட்டிவிடுங்கள் அல்லது கிளிப் போடுங்கள். நீர் கோத்துக்கொள்வது குறையும். மின்சூட்டால் கணுவின் உறையைக் கருக்கிவிடாதீர்கள். படிவுகள் பெரும்பாலும் உறைக்கு நேர் அடியில்தான் இருக்கும். கருகிய ஓரத்தில் நோயியல் மருத்துவருக்கு ஒன்றும் தெரியாது.

கேள்வி: மயக்க மருந்துப் பிரிவிலிருந்து எழுதுகிறேன். நீலச் சாயம் போட்டதும் பல்ஸ் ஆக்சிமீட்டர் எண் சரிகிறது. எப்போது கவலைப்பட வேண்டும்?

பதில்: சாயம் இரத்தத்தில் கலந்து, கருவி அளக்கும் சிவப்பு ஒளியை உறிஞ்சுவதால் எண் பொய்யாகக் குறையும். இரத்த அழுத்தம், மூச்சு வழி அழுத்தம், தோல் மூன்றும் சரியாக இருந்தால் பொறுத்துப் பாருங்கள். ஐயமிருந்தால் தமனி இரத்தத்தைச் சோதியுங்கள். எண் சரிவதோடு இரத்த அழுத்தமும் விழுந்தால், மூச்சு இறுகினால், தோலில் நீலத் தடிப்புகள் கிளம்பினால், அது ஒவ்வாமை, உடனே அட்ரினலின். ஐசோசல்ஃபன் நீலத்துக்கும் பேட்டன்ட் நீலத்துக்கும் நூற்றில் ஓரிருவருக்கு அல்லது அதற்கும் குறைவானவர்களுக்கு இப்படி வரலாம். அது ஊசி போட்ட நொடியில் வரவேண்டும் என்பதில்லை; அரை மணி நேரம் கழித்து, உடம்பு முழுக்கத் துணி போர்த்தியிருக்கும்போதும் வரலாம். அதனால் சாயம் போடுமுன் அறுவை மருத்துவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், நீங்கள் நேரம் குறித்துக்கொள்ள வேண்டும்.

மெத்திலீன் நீலத்தில் இந்த ஒவ்வாமை குறைவு. பிரச்சினை வேறு விதம். தோலுக்குள் செறிவாகப் போட்டால் தோல் அழுகும், நீர்த்துத்தான் போட வேண்டும். எஸ்எஸ்ஆர்ஐ வகை மனச்சோர்வு மாத்திரை எடுப்பவருக்குச் செரட்டோனின் மிகைநிலை வரலாம். ஜி6பிடி (சிவப்பணுவைக் காக்கும் நொதி) குறைபாடு உள்ளவருக்குச் சிவப்பணு சிதையும். கர்ப்பிணிக்குக் கூடாது.

எந்தச் சாயமானாலும் 0.5 முதல் 1 மி.லி. போதும். வெட்டி எடுக்கப்போகும் தோல் எல்லைக்குள்ளேயே போடச் சொல்லுங்கள். எல்லைக்கு வெளியே போட்டால் மாதக்கணக்கில் பச்சை குத்தியதுபோல் நிற்கும். ஓரிரு நாள் சிறுநீர் பச்சையாகப் போகும் என்று நோயாளியிடம் முன்பே சொல்லிவிட்டால் இரவில் பதறி போன் செய்யமாட்டார்.

கேள்வி: முதுகின் நடுவில் மெலனோமா. இரண்டு அக்குளிலும் கணு எடுக்க வேண்டும் என்கிறார்களே, அது சரியா?

பதில்: சரியாகவே இருக்கலாம். உடலின் நடுக்கோட்டுக்கு அருகிலும் தொப்புள் மட்டத்துக்கு அருகிலும் உள்ள தோலின் நிணநீர் எந்தப் பக்கம் ஓடும் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டு அக்குளுக்கும் போகும். ஓர் அக்குளுக்கும் ஓர் இடுக்குக்கும் போகும். முதுகின் நிணநீர் தோள்பட்டை எலும்புக்குப் பின்புறம் தசைகளுக்கிடையே உள்ள முக்கோண இடைவெளியில் ஒரு கணுவில் தங்குவதும் உண்டு. படம் எத்தனை இடங்களைக் காட்டுகிறதோ அத்தனையையும் எடுத்துப் பார்த்தால்தான் சோதனை முழுமை.

கேள்வி: மெலனோமா இடத்தை ஏற்கெனவே அகலமாக வெட்டி, பக்கத்துத் தோலைத் திருப்பி மூடிவிட்டார்கள். இனிக் காவல் கணு பார்க்கலாமா?

பதில்: பார்க்கலாம், ஆனால் நம்பகம் குறையும். பழைய நிணநீர்ப் பாதைகள் வெட்டுப்பட்டிருக்கும். திருப்பி வைத்த தோல் தன் பழைய இடத்துக்கே நீரை அனுப்பிக்கொண்டிருக்கலாம். முதலில் குறுகிய விளிம்போடு மச்சத்தை மட்டும் எடுத்துத் தடிமன் பார்ப்பது, பிறகு அகல வெட்டையும் காவல் கணுவையும் ஒரே அமர்வில் செய்வது என்ற வரிசை இதற்காகத்தான்.

கேள்வி: கணுவை அரங்கிலேயே உறையவைத்துச் சோதித்து உடனே சொல்ல முடியாதா? ரிப்போர்ட்டுக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறதே.

பதில்: அந்தக் காத்திருப்பு கொடுமைதான், புரிகிறது. ஆனால் உறையவைத்துச் சீவும்போது கணுவின் ஒரு பகுதி வீணாகிறது, செல்களின் உருவமும் குலைகிறது. தேடுவதோ சில செல்கள். வீணாகும் அந்தப் பகுதியில்தான் அவை இருந்தன என்றால் மறுபடி பார்க்க வழியில்லை. அதனால் கணு முழுதாக ஃபார்மலினில் போகும். பல மட்டங்களில் சீவி, வழக்கமான சாயத்தோடு எஸ்-100, சாக்ஸ்-10, மெலன்-ஏ, எச்எம்பி-45 போன்ற நோயெதிர்ப்புச் சாயங்களிலும் பார்ப்பார்கள்.

இதில் ஒரு வலை உண்டு. சிலரின் கணு உறையில் தீங்கற்ற மச்சச் செல்கள் இருக்கும். மெலன்-ஏ சாயத்தில் அவையும் நிறமேறும். அவை உறையிலும் தடுப்புச் சுவர்களிலும் தங்கும். எச்எம்பி-45 பொதுவாகப் பிடிக்காது. மெலனோமா உறைக்குக் கீழும் கணுவின் உள்ளேயும் இருக்கும். ஐயமிருந்தால் மூல மச்சத்தின் கண்ணாடித் தகட்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். இரண்டாம் கருத்து கேட்பதில் யாருக்கும் வருத்தம் வரக்கூடாது. ரிப்போர்ட்டில் எத்தனை கணுவில் எத்தனை, மிகப்பெரிய படிவின் அளவு மி.மீட்டரில், உறையைத் தாண்டியிருக்கிறதா என்ற மூன்றும் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். 0.1 மி.மீட்டருக்குக் குறைந்த படிவுக்கும் 1 மி.மீட்டருக்கு மேற்பட்டதற்கும் எதிர்காலக் கணிப்பு ஒன்றல்ல.

கேள்வி: அம்மாவுக்குக் காவல் கணுவில் 0.4 மி.மீ. படிவு என்று வந்திருக்கிறது. இனி அக்குளை முழுவதும் வழித்தெடுக்க வேண்டுமா?

பதில்: முன்பு அப்படித்தான் செய்தார்கள். 2017-இல் வெளிவந்த எம்எஸ்எல்டி-2 ஆய்வு அதை மாற்றியது. முழு அக்குளையோ இடுக்கையோ வழித்தவர்கள், அல்ட்ராசவுண்டால் கண்காணித்தவர்கள் என்ற இரு பிரிவிலும் மூன்றாண்டு முடிவில் மெலனோமாவால் இறக்காதவர்கள் 86 சதவீதம். கை கால் வீக்கமோ வழித்தவர்களில் 24.1 சதவீதம், மற்றவர்களில் 6.3 சதவீதம். ஜெர்மனியில் நடந்த இன்னொரு ஆய்வும் முழு அறுவையால் உயிர்காப்பில் பலன் காணவில்லை. எனவே இப்போது பெரும்பாலும் கண்காணிப்புதான்: அந்த ஆய்வில் செய்தபடி முதல் 2 ஆண்டுகள் 4 மாதத்துக்கு ஒருமுறை, பிறகு 5-ஆம் ஆண்டு முடியும்வரை 6 மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பகுதியில் அல்ட்ராசவுண்ட். அதைத் தவறாமல் எடுக்க முடியாத சூழ்நிலை என்றால் டாக்டரிடம் இப்போதே சொல்லுங்கள், திட்டம் அதற்கேற்ப மாறலாம்.

பிராஃப் மரபணுச் சோதனை செய்தாயிற்றா என்றும் கேளுங்கள். கணுவில் நோய் உள்ளவர்களுக்குப் பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் போன்ற நோயெதிர்ப்பு மருந்துகளும், பிராஃப் மாற்றம் இருந்தால் டப்ராஃபெனிப், ட்ரமெட்டினிப் மாத்திரைகளும் நோய் திரும்புவதைக் குறைக்கின்றன. எல்லோருக்கும் தேவை என்பதில்லை. 0.4 மி.மீ. படிவு, மூல மச்சத்தின் தடிமன், புண், வயது, பக்கவிளைவுகள் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

கேள்வி: எனக்கு இடுக்கில் நெல்லிக்காய் அளவுக்கு நெறி கட்டியிருக்கிறது. எனக்கும் காவல் கணு சோதனை செய்வார்களா?

பதில்: இல்லை. கைக்குப் படும் நெறிக்கு அல்ட்ராசவுண்ட் பார்த்து ஊசியால் செல் எடுத்துச் சோதிப்பதே வழி. அதில் மெலனோமா என்று உறுதியானால் உடல் முழுக்க ஸ்கேன் செய்வார்கள். இப்போது பல இடங்களில் அறுவைக்கு முன்பே நோயெதிர்ப்பு மருந்தைத் தொடங்குகிறார்கள்.

கேள்வி: காவல் கணு சுத்தம் என்று வந்துவிட்டது. வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது; கதிர் மருந்து ஏற்றிய உடம்போடு தூக்கலாமா? இனி செக்-அப் தேவையா?

பதில்: தாராளமாகத் தூக்கலாம். டெக்னீசியம் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். ஒரு நாளில் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். போட்ட அளவே சிறியது, அதில் பெரும்பகுதியும் வெட்டி எடுத்த தோலோடு போய்விட்டது.

செக்-அப் கட்டாயம் தேவை. சுத்தம் என்று வந்தவர்களிலும் சிலருக்கு அதே இடத்தில் பின்னால் நெறி கட்டுவதுண்டு. மாதம் ஒருமுறை குளிக்கும்போது சோப்பு நுரையோடு விரல் நுனிகளைத் தட்டையாக வைத்து அக்குள், இடுக்கு, கழுத்து, தழும்பிலிருந்து அங்கே போகும் வழி எல்லாவற்றையும் தடவிப் பாருங்கள். கெட்டியாக, வலியில்லாமல், இரண்டு மூன்று வாரம் கடந்தும் கரையாத உருண்டை எது பட்டாலும் அடுத்த செக்-அப் தேதிக்குக் காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள்.